அப்பாவின் இல்லாத காலுக்கு மனநோய்க் குளிசையா?

பாலைப்பழம் (முள்ளியவளை)
திங்கள் இரவு 9.52

அப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. மீள்குடியேறி வந்த பிறகு, 2011இல், விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடி. புண் ஆறி, ஜெய்ப்பூர் கால் போட்டு, இப்போது சைக்கிளும் ஓடுகிறார். இருக்கிற காலால் ஒரு தொல்லையும் இல்லை. இல்லாத காலால்தான் தொல்லை. இரவு பத்து மணி தாண்டினால், இல்லாத பெருவிரலை யாரோ குறட்டால் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கிறதாம். சில நாட்களில் பாதம் எரிகிறது என்பார். கால் இருக்கவேண்டிய இடத்தில் பாயின் மேல் ஒரு ஈரத்துணியைப் போட்டுவிட்டுப் படுப்பார். பனடோல் போட்டும் பயனில்லை.

போன மாதம் கிளினிக்குக்குப் புதிதாக வந்த டொக்டர், அமிற்றிப்ரிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதித் தந்தார். அங்கே இருப்பு இல்லை, வெளியே வாங்கச் சொன்னார்கள். பாமசியில் நின்ற பொடியன் துண்டைப் பார்த்துவிட்டு, பத்துப் பேர் நிற்க, "அப்பாவுக்கு மனநிலை சரியில்லையோ அக்கா?" என்று கேட்டான். அப்பா வாசலில் சைக்கிளில் சாய்ந்து நின்றவர், காதில் விழுந்துவிட்டது. வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து குளிசைப் பையை அரிசி வாளிக்குப் பின்னால் செருகிவிட்டு, "எனக்குக் கால்தான் இல்லை, மண்டை இருக்கு" என்றார். மூன்று கிழமையாகப் பை அங்கேயே கிடக்கிறது.

டொக்டர் பிழையாக எழுதிவிட்டாரா? ஒரு வருத்தத்துக்கு வந்த மருந்தை இன்னொரு வருத்தத்துக்குக் கொடுப்பது வழக்கமா? அல்லது எங்களை வைத்துப் பரிசோதித்துப் பார்க்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


முறிகண்டிக் கச்சான்
திங்கள் இரவு 10.15

டொக்டர் இல்லை, அதனால் சுருக்கமாக. நெஞ்சுவலிக்கு என்று ஆராய்ந்த நீலக் குளிசை ஒன்று 1998இல் வேறு எதற்குப் பெயரெடுத்தது என்று இங்கே உள்ள அண்ணைமார் எல்லோருக்கும் தெரியும். அதை வாங்க வருகிறவரிடம் எந்தப் பொடியனாவது "நெஞ்சுவலியோ அண்ணை?" என்று கேட்டிருக்கிறானா?

அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம். அடிப்பார்.


மருந்துப்பெட்டி (கிளிநொச்சி)
திங்கள் இரவு 11.38

தங்கச்சி, அந்தப் பொடியன் நான் இல்லை. ஆனால் நானும் பாமசியில்தான் நிற்கிறேன். சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒரு அம்மாவிடம் சத்தமாகக் கேட்டிருக்கிறேன். அவர் பிறகு எங்கள் கடைப்பக்கமே வரவில்லை. பெட்டிக்குள் இருக்கிற தாளின் முதல் வரிதான் மருந்தின் வேலை என்று நினைத்திருந்த காலம் அது.

டொக்டர் பிழையாக எழுதவில்லை. அமிற்றிப்ரிலின் 1961இல் மனச்சோர்வு மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. ஆனால் மனச்சோர்வுக்கு என்றால் 75, 100, 150 மில்லிகிராம் என்று போகும். அப்பாவுக்கு எழுதியது 10. அந்த அளவு மனச்சோர்வுக்குக் காணாது. நரம்பு வலிக்குத்தான் இப்படிச் சின்னதாகத் தொடங்கி, தேவைப்பட்டால் 25, 50 என்று மெல்ல ஏற்றுவார்கள். நீரிழிவுக்காரரின் கால் எரிவு, அக்கி ஆறின பிறகும் விடாத வலி, அடிக்கடி வரும் ஒற்றைத் தலையிடி எல்லாவற்றுக்கும் இது எத்தனையோ வருடமாகப் போகிறது. துண்டில் அளவைப் பார்த்தாலே எதற்கு எழுதியது என்று ஓரளவு ஊகிக்கலாம். அந்தப் பொடியன் பெயரை மட்டும் பார்த்திருக்கிறான்.

எப்படி வேலை செய்கிறது? காயப்பட்ட இடத்திலிருந்து வலிச் செய்தி முள்ளந்தண்டு வழியாக மேலே ஏறுகிறது. மூளையிலிருந்து கீழே இறங்கும் வேறு சில நரம்புகள் அந்தச் செய்தியை அமத்துகின்றன. அவை அதற்குப் பாவிப்பது நோரட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு இரசாயனங்கள். குளிசை அவற்றைக் கொஞ்சம் கூடுதல் நேரம் தங்க வைக்கிறது. துருசுப் பலகையை ஒரு சாண் இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் குறையுமே, அது மாதிரி. மனச்சோர்விலும் இதே இரசாயனங்களுக்கு வேலை இருப்பதால் அந்தப் பெயர் முதலில் ஒட்டிக்கொண்டது. வலிப்பு மருந்தாக வந்த கபாபென்ரின் நரம்பு வலிக்குப் போனதும் இப்படித்தான். அதை வாங்குகிறவரை யாரும் வலிப்புக்காரன் என்று சொல்வதில்லை.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. வெட்டிய காலின் மாய வலிக்கு இந்த மருந்தை வைத்துச் செய்த ஆய்வுகள் சின்னவை, முடிவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. பொதுவாக நரம்பு வலியில், நாலைந்து பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு நல்ல குறைவு தெரியும் என்ற கணக்குத்தான். அதுவும் முதல் நாளே தெரியாது, இரண்டு மூன்று கிழமையாவது பார்க்கவேண்டும். வாய் காயும், மலச்சிக்கல் வரும், விடிய எழும்பும்போது தலை சுற்றும். அப்பாவுக்குச் சலம் போவதில் சிரமமோ, இருதய வருத்தமோ இருந்தால் தொடங்கமுதல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

மருந்தில்லாத வழியும் ஒன்று இருக்கிறது. ராமச்சந்திரன் என்ற தமிழ்நாட்டுக்காரர், அமெரிக்காவில் நரம்பியல் பேராசிரியர், 1990களில் கண்ணாடிப் பெட்டி முறையைக் கொண்டுவந்தார். இருக்கிற காலைக் கண்ணாடி முன் அசைத்தால், இல்லாத கால் அசைவது போல மூளைக்குத் தெரியும். சிலருக்கு அதில் முறுக்கு விடுகிறது. செலவு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி.


கல்மடு
செவ்வாய் காலை 6.20

மருந்துப்பெட்டி அண்ணை விளக்கமாகத்தான் எழுதியிருக்கிறார். எனக்கு மட்டும் ஒரு குடைச்சல். "பழைய மருந்து, புதிய பயன்" என்று வருகிற எல்லாவற்றையும் விழுங்கினால் எங்கே போய் நிற்போம்? கொரோனா நேரம் மலேரியாக் குளிசை என்றார்கள். மாட்டுக்குக் கொடுக்கிற ஐவர்மெக்ரின் என்றார்கள். 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் கலந்த பாணிக்குச் சனம் வரிசையில் முண்டியடித்தது. சுகாதார அமைச்சரே குடித்துக் காட்டினார், அடுத்த மாதம் அவருக்கே கொரோனா.

தலிடோமைட்டை மறந்துவிட்டீர்களா? 1957இல் ஜேர்மனியில் பாதுகாப்பான நித்திரைக் குளிசை என்று விற்றார்கள். கர்ப்பிணிகளும் குடித்தார்கள். 1961இல் நிறுத்துவதற்குள் கை கால் வளராமல் ஆயிரக்கணக்கான பிள்ளைகள்.

எங்கள் சனம் டொக்டர் நிமிர்ந்து பார்க்குமுன் கிளினிக் கொப்பியை நீட்டுகிற சனம். கேள்வி கேட்கத் தெரியாதவர்களிடம்தான் எல்லாரும் முயற்சி செய்து பார்ப்பார்கள். பாலைப்பழம் கேட்ட கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.


மருந்துப்பெட்டி (கிளிநொச்சி)
செவ்வாய் மதியம் 1.05

கல்மடு, உங்கள் உதாரணங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

2020இல் இங்கிலாந்தில் ரிக்கவரி என்று ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. ஆஸ்பத்திரிகளில் படுத்திருந்த கொரோனா நோயாளரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், மற்றவர்களுக்கு அதோடு ஒவ்வொரு பழைய மருந்து. மலேரியாக் குளிசை அதில்தான் தோற்றது: சாவைக் குறைக்கவில்லை. அதே பரிசோதனையில், அதே ஜூன் மாதத்தில் டெக்ஸாமெதசோன் வென்றது. எங்கள் கடையில் வீக்கத்துக்கும் ஒவ்வாமைக்கும் சில்லறைக் காசுக்குப் போகிற மருந்து. சுவாச இயந்திரத்தில் இருந்தவர்களின் சாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது. ஒக்சிசனில் மட்டும் இருந்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு. ஒக்சிசன் தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை. ஒரே சுளகில் புடைத்ததில் ஒன்று பதராகப் போனது, ஒன்று அரிசியாக நின்றது. கேகாலைப் பாணியை அப்படி யாரும் புடைக்கவில்லை, நேரே உலையில் போட்டுவிட்டார்கள்.

ஐவர்மெக்ரினை மாட்டுமருந்து என்று தள்ளவேண்டாம். மனிதரின் ஆற்றுக்குருடு நோய்க்கு அது செய்த வேலைக்காகத்தான் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. கொரோனாவுக்கு அது உதவவில்லை, சரி. ஆனால் கென்யாவின் குவாலே என்ற இடத்தில் மாதம் ஒருமுறை ஊருக்கே கொடுத்துப் பார்த்தார்கள். குளிசை குடித்தவரின் இரத்தத்தை உறிஞ்சிய நுளம்பு சாகிறது. பிள்ளைகளில் மலேரியாத் தொற்று 26 வீதம் குறைந்ததாக 2025இல் வெளியிட்டார்கள். எங்கள் அம்மம்மா காலத்து வன்னிக்குத் தேவைப்பட்ட செய்தி. எங்களுக்கு 2016இல் மலேரியா இல்லை என்ற சான்றிதழே வந்துவிட்டது.

தலிடோமைட்டின் மிச்சக் கதையும் இருக்கிறது. 1964இல் ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற டொக்டரிடம் ஒரு தொழுநோயாளி. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வீங்கி, வேதனையில் நித்திரையே இல்லை. வேறு வழியில்லாமல் மிச்சமிருந்த தலிடோமைட்டை நித்திரைக்காகக் கொடுத்தார். நித்திரை வந்தது, கட்டிகளும் வற்றத் தொடங்கின. 1998இல் அமெரிக்கா அந்தத் தொழுநோய் வீக்கத்துக்கும், 2006இல் ஒருவகை எலும்பு மச்சைப் புற்றுநோய்க்கும் அனுமதித்தது, கர்ப்பம் தரிக்கவே கூடாது என்ற கடும் கட்டுப்பாட்டோடு. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் கையைத் தின்ற அதே மருந்துதான். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்பது மாறியிருக்கிறது.


வெள்ளைத்தொப்பி
செவ்வாய் இரவு 8.44

தங்கச்சியின் கடைசிக் கேள்விக்கு நான் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கிறவள்.

பரிசோதனை என்றால் உங்களிடம் ஒரு தாளைத் தந்து, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கவேண்டும். வேண்டாம் என்றால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக்கூடாது. அப்பாவுக்கு நடந்தது அது இல்லை. அனுமதி பெற்ற மருந்தை, அது முதலில் வந்த வருத்தத்துக்கு இல்லாமல் இன்னொரு வேலைக்கு, மற்ற டொக்டர்மாரும் கொடுக்கிற வழக்கத்தில் கொடுத்திருக்கிறார். பிழை எங்கே என்றால், "இது மனச்சோர்வுக்கு வந்த மருந்து, ஆனால் உங்களுக்கு நரம்புக்காகத் தருகிறேன்" என்ற ஒரு வசனத்தை அவர் சொல்லவில்லை. கிளினிக்கில் ஒருவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய காரியம், தெரியும். அந்த வசனத்துக்குப் பத்து விநாடி போதும்.

கல்மடுத் தம்பி, எங்கள் நாட்டு நோயாளரில் செய்த ஒரு பரிசோதனையால் எங்கள் சனத்துக்கே நன்மை வந்த கதையைச் சொல்கிறேன்.

காலபோக அறுவடை நேரம் இரவு வேலை செய்து பாருங்கள். சாரத்தை மடித்துக் கட்டினபடி, காலில் சேறு காயாமல், பாம்பையும் சொப்பிங் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் அசைக்காமல் வைப்போம். பிறகு சரித்துப் பார்ப்போம். உறைந்திருந்தால் மூச்சு வரும். தண்ணீர் மாதிரி ஓடினால் பெரும்பாலும் முத்திரைப் புடையன், விஷமுறிவு ஏற்றவேண்டும். அங்கேதான் அடுத்த பயம். இந்தியாவிலிருந்து வருகிற அந்த மருந்து குதிரையின் இரத்தத்தில் செய்தது. ஏற்றத் தொடங்கினதும் பலருக்கு உடம்பெல்லாம் தடிக்கும், நடுங்கும், சிலருக்குப் பிரஷர் விழுந்துவிடும். முந்தி இதைத் தடுக்க ஹைட்ரோகோட்டிசோன், பினர்கன் எல்லாம் போடுவோம், ஆளுக்கொரு முறை.

எங்கள் நாட்டு ஆஸ்பத்திரிகளில் 1,007 பேரில் ஒரு பரிசோதனை செய்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். விஷமுறிவு தொடங்கமுதல் தோலுக்குக் கீழே கால் மில்லிலீற்றர் அட்ரினலின். கடும் எதிர்விளைவு முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைந்தது. நாங்கள் நம்பியிருந்த மற்ற இரண்டும் எதையும் தடுக்கவில்லை. அட்ரினலின் எங்களுக்குப் புதிதில்லை, ஆள் விழுந்த பிறகு எழுப்பப் போடுகிற மருந்து. விழாமல் இருக்கவே போடலாம் என்பது அந்த 1,007 பேர் சம்மதித்ததால் தெரிந்தது.


தண்ணிமுறிப்பு
செவ்வாய் இரவு 9.30

அக்கா, பாம்புக்கடிக்குக் குளிசை வரப்போகிறது என்று எங்கேயோ வாசித்தேன். உண்மையா? எங்கள் வயலிலிருந்து ஆஸ்பத்திரிக்கு மழை நேரம் ஒன்றரை மணித்தியாலம். என் மச்சான் போன வருடம் அந்த வழியிலேயே இரண்டு தரம் சத்தி எடுத்தார். ஆள் பிழைத்துவிட்டார், சிறுநீரகம்தான் இன்னும் கிளினிக்கில்.


வெள்ளைத்தொப்பி
செவ்வாய் இரவு 10.12

வரெஸ்பிளடிப் என்பதைத்தான் வாசித்திருப்பீர்கள். அது மாரடைப்புக்காரருக்கு என்று செய்த குளிசை. ஆயிரக்கணக்கானவரில் பரிசோதித்து, பயனில்லை, தீங்கும் தெரிகிறது என்று 2012இல் இடைநடுவே நிறுத்தினார்கள். ஆனால் அது மறிக்கிற நொதியத்தின் உறவுக்காரன்தான் பாம்பு விஷத்தில் நரம்பையும் தசையையும் கெடுக்கிறவன். புடையனிலும் உண்டு, எண்ணெய் விரியனிலும் உண்டு. பாம்புக்கடிக்கு ஒரு சில நாட்கள் குடித்தால் போதும் என்பதால், மாதக்கணக்கில் குடித்தவர்களுக்கு வந்த ஆபத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்கமுடியாது.

இந்தியாவிலும் அமெரிக்காவிலும் பாம்பு கடித்தவர்களில் பரிசோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் எதிர்பார்த்த முடிவு வரவில்லை. கடித்து ஐந்து மணித்தியாலத்துக்குள் குடித்தவர்களில் மட்டும் கொஞ்சம் நன்மை இருக்கிற மாதிரித் தெரிந்தது. அதை வைத்து எதையும் முடிவு கட்டமுடியாது. யுனிதியோல் என்று இன்னொன்று, பாதரச நஞ்சுக்குக் கொடுக்கிற மருந்து. சுருட்டை விரியனின் விஷம் வேலை செய்ய துத்தநாகம் என்ற உலோகம் வேண்டும், இது அதைப் பிடுங்கிவிடுகிறது. கென்யாவில் நோயில்லாதவர்களில் பாதுகாப்பைப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்கு உங்களுக்கு மருந்து: கடித்த காலை அசைக்காமல், கட்டுப்போடாமல், கீறாமல், நேரே ஆஸ்பத்திரி. பாம்பைத் தேடி அடிக்க நிற்கவேண்டாம், போனில் படம் போதும்.


ஸ்கார்பரோ சின்னவன்
புதன் அதிகாலை 4.17

இழை நன்றாகப் போகிறது, எல்லாருக்கும் ஒரு பச்சை. வவுனியாவில் அண்ணருக்குச் சிறுநீரக வருத்தம். நீரிழிவு இல்லை, பிரஷரும் இல்லை, கிணற்றுத் தண்ணீர் குடித்த கமக்காரர். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். இங்கே என் டொக்டர், நீரிழிவுக்கு வந்த டபாகிளிஃப்ளோசின் இப்போது நீரிழிவே இல்லாத சிறுநீரக நோயாளருக்கும் கொடுக்கிறோம் என்றார். ஆறு மாதத்துக்கு வாங்கி அனுப்பட்டுமா?


மருந்துப்பெட்டி (கிளிநொச்சி)
புதன் காலை 7.40

அனுப்பவேண்டாம் அண்ணை. அண்ணரின் டொக்டர் கேட்டால் அனுப்புங்கள்.

உங்கள் டொக்டர் சொன்னது சரி. சிறுநீரில் சீனியை வெளியேற்றுகிற குளிசை அது. மூலப்பொருளின் கதை பழையது, 1835இல் அப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் கண்டெடுத்த பொருளின் வழியில் வந்தது. 2020இல் 4,304 சிறுநீரக நோயாளரில் செய்த ஆய்வில், சிறுநீரகம் மோசமாவது அல்லது சாவு 39 வீதம் குறைந்தது. மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு இல்லை.

ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லோருக்கும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கூடுதலாகப் போனது. அதுதான் சேர்வதற்கு நிபந்தனை. வவுனியா, அநுராதபுரம் பக்கத்துக் கமக்காரருக்கு வருகிற இந்தக் காரணம் தெரியாத வருத்தத்தில் பலருக்குப் புரதம் பெரிதாகப் போவதில்லை. ஆகவே அந்த 39 வீதத்தை அப்படியே அண்ணரின் கணக்கில் போடமுடியாது. வெயிலில் வியர்த்து உடம்பில் தண்ணீர் வற்றி நிற்கிற ஒருவருக்கு, மேலும் சலம் போகவைக்கிற மருந்தை யார் பார்த்துக் கொடுப்பது? சிறுநீரகக் கிளினிக்கில் கேட்டு, சிறுநீர்ப் புரதத்தை அளந்த பிறகு பேசுங்கள்.


முறிகண்டிக் கச்சான்
புதன் மாலை 5.03

சோலி ஒன்று. பெரியம்மாவுக்குப் போன வருடம் மாரடைப்பு. குடும்பக் குழுமத்தில் ஒருவர் போட்டிருக்கிறார்: "கார்த்திகைப்பூக் கிழங்கில் இருக்கிற மருந்தை அமெரிக்கா இருதயத்துக்கு அங்கீகரித்துவிட்டது, வெள்ளைக்காரன் நம் கிழங்கைத் திருடிவிட்டான், அவித்து ஒரு துண்டு போதும்." எங்கள் வேலியில் இரண்டு கொடி நிற்கிறது. பெரியம்மா கிழங்கு கிண்ட அலவாங்கு கேட்கிறார். பகிடி இல்லை.


வெள்ளைத்தொப்பி
புதன் மாலை 5.09

அலவாங்கை ஒளித்து வையுங்கள். இப்போதே.

கார்த்திகைக் கிழங்கு தின்றவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிலர் வேண்டுமென்று தின்றவர்கள். ஒருவர் வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அவித்தவர். முதல் சில மணித்தியாலம் ஒன்றுமில்லை, பிறகு சத்தியும் வயிற்றோட்டமும். குறைந்துவிட்டது என்று வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிற இரண்டாம் மூன்றாம் நாள் இரத்த அணுக்கள் விழும். தப்பினால் பிறகு தலைமயிர் கொத்துக் கொத்தாகக் கொட்டும். முறிவு மருந்து எங்களிடம் இல்லை.


மருந்துப்பெட்டி (கிளிநொச்சி)
புதன் இரவு 7.55

அக்கா சொன்னதற்கு மேல் கொஞ்சம்.

கிழங்கிலும் விதையிலும் இருப்பது கொல்சிசின். வாதத்தில் பெருவிரல் வீங்குகிற கவுட்டுக்குக் கொடுக்கிற பழைய மருந்து. தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பக்கம் விதைக்காகவே பயிரிட்டு ஏற்றுமதி செய்கிறார்கள். அவர்களே விற்கிறார்கள், வெள்ளைக்காரன் திருடவில்லை. இரத்தக்குழாயின் உள்வீக்கத்தைக் குறைக்கும் என்று பார்த்து, 2020இல் 5,522 இருதய நோயாளரில் செய்த ஆய்வில் மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவை 31 வீதம் குறைந்தன. அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. குழுமத்தில் அதுவரைக்கும்தான் போடுவார்கள். 2024இல் மாரடைப்பு வந்த கையோடு ஏழாயிரத்துச் சொச்சம் பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், வித்தியாசமே இல்லை. ஆக விவாதம் முடியவில்லை.

2020 ஆய்வில் கொடுத்த அளவு நாளுக்கு அரை மில்லிகிராம், ஒரு உப்புக்கல்லை விடச் சின்னது. எந்தக் கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று பெரியம்மாவின் அலவாங்குக்குத் தெரியாது. கார்த்திகை மாதம் அந்தப் பூவை நாங்கள் வேறு எதற்கோ தேடுகிறோம். அதோடு விடுங்கள்.


உறக்கம்வராதவன்
வியாழன் அதிகாலை 2.46

இதுவரை எழுதாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்மா இரவில் எழும்பி "பங்கர் எங்கே, பிள்ளைகளை இறக்கு" என்று கதவைத் திறப்பார். சண்டை முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, வீட்டில் பங்கரே இல்லை. கதவுக்கு மேலே இரண்டாவது கொண்டி போட்டிருக்கிறேன். பிரஷர்க் குளிசை ஒன்று கெட்ட கனவை நிறுத்தும் என்று வாசித்தேன், பிரசோசின். தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?


வெள்ளைத்தொப்பி
வியாழன் காலை 6.31

தம்பி, பிரசோசின் அப்படித்தான் பெயரெடுத்தது. அமெரிக்கப் படையில் இருந்தவர்களில் செய்த சின்ன ஆய்வுகளில் கனவு குறைந்தது, எல்லோரும் நம்பினார்கள். 2018இல் 304 பேரில் பெரிதாகச் செய்தபோது வெற்றுக் குளிசையை விட மேலாக ஒன்றும் வரவில்லை. இன்னும் சில டொக்டர்மார் சிலருக்குக் கொடுக்கிறார்கள், சிலருக்குக் கேட்கிறது. ஆனால் வயது போனவருக்கு இரவில் பிரஷரை இறக்கும், இருட்டில் கதவைத் திறக்க எழும்பி விழுந்தால் இடுப்பு போய்விடும். தானாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே கதைத்துச் செய்கிற சிகிச்சைக்கு இந்தக் குளிசையை விட நல்ல சான்று இருக்கிறது. பாமசிப் பொடியன் என்ன கேட்பான் என்று யோசிக்கவேண்டாம். கொண்டியை அம்மாவுக்கு எட்டாத உயரத்தில் போட்டிருக்கிறீர்களா? நெருப்பு ஏதும் என்றால் நீங்கள் கெதியாகத் திறக்கக்கூடியதாக இருக்கட்டும்.


கல்மடு
வியாழன் மதியம் 12.20

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். முழுக்க இல்லை.

ஒன்றைக் கவனித்தீர்களா? டபாகிளிஃப்ளோசினுக்கு நாலாயிரம் பேரில் ஆய்வு. அப்பாவின் மாய வலிக்கு மட்டும் சின்னச் சின்ன ஆய்வுகள், அதுவும் ஒத்துப்போகாதவை. முதலாவது அப்போது காப்புரிமை உள்ள மருந்து, கொம்பனி காசைப் போட்டது. அமிற்றிப்ரிலினை யாரும் செய்யலாம், ஆகவே அதை ஆராய்ந்து யாருக்கும் இலாபம் இல்லை. காலில்லாத சனம் எங்கே கூட? எங்களிடம், கம்போடியாவில், அங்கோலாவில். கையில் காசு இல்லாத இடங்கள். டெக்ஸாமெதசோனை ஆராய இங்கிலாந்து அரசாங்கம் காசு கொடுத்தது, ஏனென்றால் அவர்களின் சனம் செத்துக்கொண்டிருந்தது. எங்கள் சனத்தின் பெருவிரல் முறுக்குக்கு யார் கொடுப்பார்கள்? முகமாலையில் வெடி கிண்டி எடுக்கக் காசு வருகிறது. வெடித்துப்போனவரின் இரவுக்கு வரவில்லை.


மருந்துப்பெட்டி (கிளிநொச்சி)
வியாழன் இரவு 9.18

இதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை. கணினியை வைத்து பழைய மருந்துகளுக்குப் புதிய வேலை தேடுகிறார்கள், மூட்டுவாத மருந்தான பரிசிற்றினிப்பைக் கொரோனாவுக்கு அப்படித்தான் 2020 பெப்ரவரியிலேயே சுட்டிக்காட்டினார்கள், அது பிறகு பரிசோதனையிலும் நின்றது. தேடுவது மலிவாகிவிட்டது. நிரூபிப்பதுதான் இன்னும் விலை.


பாலைப்பழம் (முள்ளியவளை)
ஒரு மாதத்துக்குப் பிறகு, ஞாயிறு இரவு 8.27

எல்லோருக்கும் நன்றி. தாமதித்து வருகிறேன், அறுவடை.

அந்தக் கிழமையே இழை முழுவதையும் அப்பாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கச்சான் அண்ணையின் நீலக் குளிசைப் பகுதியை விட்டுவிட்டுத்தான். தன் மருந்தைப் பற்றிய இடத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாம்பு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நெஞ்சுக்குச் சரிவராத குளிசையையா புடையனுக்குக் கொடுக்கிறாங்கள்?" என்று இரண்டு தரம் கேட்டார். கல்மடு எழுதியதை வாசித்தபோது, "இவன் விஷயம் தெரிஞ்ச பொடியன்" என்றார். மற்ற எவருக்கும் அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

அன்றிரவு ஒன்றும் சொல்லாமல் அரிசி வாளிக்குப் பின்னால் கையை விட்டார்.

முதல் கிழமை வாய் காய்கிறது என்று புறுபுறுப்பு, விடிய மந்தம். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நானே கேட்டேன். நரம்புக்குத்தான் என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லி, 25 ஆக்கினார். பெருவிரல் முறுக்கு இன்னும் வருகிறது, ஆனால் எரிவு குறைவு. ஈரத்துணி போன கிழமை நாலு இரவு கொடியிலேயே கிடந்தது. மாமியின் நிலைக்கண்ணாடியைச் சரித்து வைத்துக் காலை அசைத்துப் பார்க்கிறார், நாங்கள் யாரும் அறைக்குள் வரக்கூடாது.

பாமசியை மாற்றவில்லை. அப்பாவே போனார். பொடியன் துண்டைப் பார்க்கமுதலே "கால் நரம்புக்கு" என்று சத்தமாகச் சொல்லியிருக்கிறார், பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரி.

ஒரு பிரச்சினை: மலச்சிக்கல் வாட்டுகிறது. அதற்கும் ஒரு குளிசை எழுதுவிப்பதா?


வெள்ளைத்தொப்பி
ஞாயிறு இரவு 8.40

முதலில் பப்பாப்பழம், முருங்கையிலை, நாளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர். ஒரு கிழமையில் சரிவராவிட்டால் டொக்டரிடம் சொல்லுங்கள்.


முறிகண்டிக் கச்சான்
ஞாயிறு இரவு 9.02

பெரியம்மா இப்போது அலவாங்கு கேட்பதில்லை. வேலியில் கொடி பூத்திருக்கிறது. படம் போட்டால் மட்டுறுத்துநர் தூக்கிவிடுவார்.